மூன்று பவுன் சங்கிலி

வருசநாட்டு மலைகளில் தோன்றும் மூல வைகை ஆண்டின் பெரும்பகுதியில் வெறும் மணலாகவே கிடக்கும். மழை பெய்து ஆறு ஓடினால்தான் இப்பகுதி மக்களின் கையில் காசு புரளும். காசு புரண்டால்தான் வீட்டில் திருமணப் பேச்சு எழும். திருமணப் பேச்சு எழுந்த வீட்டில் அடுத்த பேச்சு பொன்னைப் பற்றியதாகவே இருக்கும். மயிலாடும்பாறைப் பகுதியில் பணிபுரிந்து வரும் நமக்கு இது பழகிப்போன ஒன்று. ஓலை எழுத வருகின்ற குடும்பத்தார், எழுதி முடித்த பின்னும் எழுந்து போகாமல் அமர்ந்திருந்தால், அவர்கள் மனத்தில் ஒரு கடனோ ஒரு நகையோ இருக்கிறது என்று நாம் புரிந்துகொள்வோம்.

அப்படித்தான் அன்றும் ஒரு குடும்பம் அமர்ந்திருந்தது. தந்தை இலவங்காய் பறிக்கும் காலத்தில் மரம் ஏறுபவர். மற்றக் காலங்களில் கிடைத்த வேலையைச் செய்பவர். அவரோடு மணப்பெண்ணாகிய மகளும், எண்பது வயதைக் கடந்த அவருடைய தாயாரும் வந்திருந்தனர். ஓலை எழுதி முடிந்தது. தந்தை தம் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறு பொட்டலத்தை எடுத்து நம் மேசைமேல் வைத்தார். உள்ளே பழைய சங்கிலி ஒன்று இருந்தது. சற்றே சிவந்த நிறம், நுணுக்கமான வேலைப்பாடு.

"சாமி, இது எங்க அம்மா கல்யாணத்துக்குப் போட்டுவந்த சங்கிலி. மூணு பவுன். இத அழிச்சுப் பேத்திக்குப் புதுசா செய்யலாம்னு நேத்துத் தேனிக்குக் கொண்டுபோனோம். மிசின்ல வச்சுப் பாத்துட்டு இது பதினாலு காரட்டுதான்னு சொல்லிட்டாங்க."

அவருடைய குரலில் இருந்த வலிக்குக் காரணம் உண்டு. மூன்று பவுன் என்பது 24 கிராம். 24 காரட் என்பது கலப்பற்ற பொன். அந்தக் கணக்கின்படி 24 கிராம் எடையுள்ள 22 காரட் சங்கிலியில் 22 கிராம் சுத்தப் பொன் இருக்கும். அதே எடையுள்ள 14 காரட் சங்கிலியிலோ 14 கிராம்தான் இருக்கும். எஞ்சிய 10 கிராமும் செம்பும் வெள்ளியுமே. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக மூன்று பவுன் என்று நம்பிப் பெட்டியில் வைத்துக் காத்த பொருளில், ஒரு பவுன் எடைக்குச் சுத்தப் பொன் குறைகிறது என்று ஒரே நிமிடத்தில் தெரிந்தால் ஏழைக் குடும்பம் எப்படித் தாங்கும்? 2025 ஆம் ஆண்டிலேயே ஒரு பவுன் தொண்ணூறாயிரம் ரூபாயைத் தாண்டிவிட்டதே!

"இதச் செஞ்ச ஆசாரி எப்பவோ செத்துப் போயிட்டாரு. அவரு மகன் இங்கதான் இருக்காரு. அவரப் போய் நாலு வார்த்தை கேக்காம விடப்போறதில்ல சாமி" என்றார் தந்தை. மூதாட்டியார் ஒன்றும் பேசவில்லை. மடியில் கிடந்த தம் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது நாம் சொன்னதை இங்கே மறைப்பது முறையாகாது. "தாய்ப் பொன்னிலும் மாப்பொன் எடுப்பான் தட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்?" என்றோம். ஆறுதலாக ஏதேனும் சொல்ல வேண்டும் என்று எண்ணி, வாய்க்கு வந்த பழமொழியைச் சொல்லி வைத்தோம். தந்தையின் கோபத்திற்கு அது கொள்ளியாயிற்று.

அவர்கள் எழுந்தபோது, பேச்சுவாக்கில் மூதாட்டியாரிடம், "உங்களுக்குத் திருமணம் நடந்து எத்தனை ஆண்டு ஆகிறது, பாட்டி?" என்று வினவினோம். "அறுபத்து மூணாம் வருசம் வைகாசி மாசம் சாமி. சீனாக்காரன் சண்டை முடிஞ்ச மறு வருசம்" என்றார்.

அவர்கள் சென்ற பின்னரே அந்த ஆண்டு நம் மனத்தில் தைத்தது.

1962 ஆம் ஆண்டு இறுதியில் நடந்த சீனப் போர் நம் நாட்டின் அந்நியச் செலாவணி இருப்பை வாட்டியது. வெளிநாட்டுப் பொன் கள்ளக்கடத்தலாக உள்ளே வந்துகொண்டிருந்தது. பொன்மீது மக்களுக்குள்ள ஆசையைக் குறைத்தால் கடத்தல் குறையும் என்று கருதிய நடுவண் அரசு, 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாட்டு விதிகளைக் கொணர்ந்தது. அப்போது நிதியமைச்சராக இருந்தவர் மொரார்ஜி தேசாய். அவ்விதிகளின்படி 14 காரட்டுக்கு மேற்பட்ட தரத்தில் புதிய நகை செய்வது குற்றம். 22 காரட்டில் கைதேர்ந்த நம் நாட்டுப் பொற்கொல்லர்களுக்கு அது பேரிடியாயிற்று. கடினமும் சிவப்பும் மிகுந்த அந்தப் பொன்னை மக்கள் விரும்பவில்லை. பட்டறைகளில் உலை அணைந்தது. பிழைக்க வழியின்றிப் பொற்கொல்லர் பலர் தற்கொலை செய்துகொண்ட செய்தி நாடாளுமன்றம் வரை எட்டியது. அவ்வாண்டு ஆகஸ்டில் காமராசர் திட்டத்தின்கீழ்ப் பதவி விலகியவர்களுள் தேசாயும் ஒருவர், அவருக்குப்பின் தி. த. கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சரானார். விதிகள் சிறிது சிறிதாகத் தளர்ந்து, 1966 இல் 14 காரட் வரம்பு நீங்கியது. 1968 இல் சட்டமாகவே இயற்றப்பட்ட தங்கக் கட்டுப்பாடு 1990 இல் முற்றிலும் நீக்கப்பட்டது.

மூதாட்டியாரின் சங்கிலி செய்யப்பட்டதோ 1963 வைகாசிக்குச் சற்று முன்னர். சட்டம் மிகக் கடுமையாக இருந்த மாதங்கள் அவை. அந்த ஆசாரி 22 காரட்டில் செய்திருந்தால்தான் குற்றவாளி. 14 காரட்டில் செய்ததால் அவர் சட்டத்தை மதித்தவர். பொறியும் பொய் சொல்லவில்லை. ஆசாரியும் பொய் செய்யவில்லை. பொய் நம் வாயில்தான் இருந்தது.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. களவு செய்யாதிருப்பாயாக என்பது ஏழாம் கட்டளை. பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்பது எட்டாம் கட்டளை. இறந்துபோன ஒருவர் ஏழாம் கட்டளையை மீறினார் என்று சொல்லி, உயிரோடிருக்கும் நாம் எட்டாம் கட்டளையை மீறியிருந்தோம். பிறருடைய பொருளைத் திருடியவர் அதைத் திருப்பித் தரும்வரை கடன் தீராது என்றும், பிறருடைய நற்பெயரைக் கெடுத்தவருக்கும் அதே கடமை உண்டு என்றும் குருமடத்தில் ஒழுக்க இறையியல் பாடத்தில் படித்திருக்கிறோம். தேர்வில் அதற்கு விடை எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறோம். ஆயினும் ஒரு பழமொழி நாவில் வந்தபோது அந்தப் பாடம் நினைவுக்கு வரவில்லை.

நம் தமிழ் மண்ணில் பொற்கொல்லர்மீது இந்த ஐயம் புதிதன்று. சிலப்பதிகாரத்தில் கோவலனைக் கள்வன் என்று பொய்யாகக் காட்டிக் கொடுத்தவன் அரண்மனைப் பொற்கொல்லன். ஆராயாமல் தீர்ப்பளித்தவன் பாண்டியன். அந்த ஒருவனுடைய குற்றத்திற்காக, பின்னர்க் கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர் ஆயிரம் பேரைக் கண்ணகிக்குப் பலியிட்டான் என்றும் அந்நூல் சொல்கிறது. மதுரையை விட்டு நீங்கிய கண்ணகி வைகைக் கரை வழியாகவே மலைநாட்டை நோக்கி நடந்ததாகக் கதை. கம்பம் பள்ளத்தாக்கின் மேலே, எல்லை மலையில் உள்ள மங்கலதேவி கோட்டத்திற்குச் சித்திரைப் பௌர்ணமியன்று இன்றும் மக்கள் திரளாக ஏறிச் செல்கின்றனர். ஆராயாத தீர்ப்பின் கொடுமையை இத்தனை அருகில் வைத்துக்கொண்டு வாழ்கின்ற நாம், ஒரு பொற்கொல்லரை ஆராயாமலே தீர்ப்பிட்டுவிட்டோம். கோவலனுக்காக அழுகிறோம், அந்த ஆயிரம் பேருக்காக அழுவோர் யார்?

விடிந்ததும் அக்குடும்பத்தின் வீட்டிற்குச் சென்றோம். அதற்குள் பேச்சு தெருவில் பரவியிருந்தது. தந்தையை அமரவைத்து நடந்ததை விளக்கினோம். அவர் முதலில் நம்பவில்லை. "சட்டமே அப்படியா சாமி இருந்துச்சு?" என்று இருமுறை கேட்டார். மூதாட்டியார் மட்டும் மெல்லத் தலையசைத்தார்.

"இப்ப நெனப்பு வருது சாமி. சங்கிலியக் கையில குடுக்கும்போது, இப்போதைக்கு இதுதான், சட்டம் மாறினதும் கொண்டுவாங்க, நல்ல பொன்னா மாத்தித் தாரேன்னு ஆசாரி எங்க அய்யாகிட்டச் சொன்னாரு. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா கொறச்சலாப் போயிரும்னு அய்யா யாருக்கும் சொல்லல. அடுத்த வருசம் போய்ப் பாத்தா ஆசாரி ஊர்லயே இல்ல. ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போயிட்டாருன்னாங்க."

ஆசாரி தம் தரத்தை மறைக்கவில்லை, வாங்கியவர்களே மறைத்தார்கள். மறைத்தவர் தந்தை, பழி சுமந்தவர் ஆசாரி.

நால்வரும் அவருடைய மகனின் வீட்டிற்குச் சென்றோம். எழுபதைக் கடந்த அவர், நம்மைக் கண்டதும் எழுந்து நின்றார்; தெருப்பேச்சு அவர் காதிலும் விழுந்திருந்தது என்பதை முகமே சொல்லிற்று. மூதாட்டியார் அவர் கையைப் பற்றிக்கொண்டு, "தம்பி, ஒங்க அப்பா நேர்மையான மனுசரு. எங்க வாயிலதான் தப்பு" என்றார். "சாமி வாயிலும்தான்" என்று நாம் சேர்த்துக்கொண்டோம். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர் உள்ளே சென்று, துணியில் சுற்றிய கரிய உரைகல் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். "அப்பா இத மட்டும் விக்கல. மலையில ஏலக்காய் எடுக்குறவருக்கு இது எதுக்குன்னு அம்மா கேப்பாங்க. கெடக்கட்டும்னு சொல்லுவாரு அக்கா" என்றார். அன்று மாலை, தேநீர்க் கடையில் பத்துப் பேர் கேட்க, தந்தை தாம் முன்பு சொன்னதைத் தவறென்று சொன்னார். தெருவில் கெட்ட பெயரைத் தெருவிலேதான் மீட்க வேண்டும் என்று நாம் அவரிடம் கூறியிருந்தோம்.

இத்தனைக்கும் பிறகு முதல் கேள்வி அப்படியே நின்றது. பேத்திக்கு எந்தப் பொன்னில் செய்வது? "கே.டி.எம். நல்லதா, 916 நல்லதா சாமி? பதினெட்டுக் காரட்டுன்னும் சொல்றாங்களே" என்று தந்தை கேட்டார். குருவிடம் கேட்கும் கேள்வியா இது என்று சிலர் எண்ணலாம். தாலியை மந்திரிக்க நம்மிடம் கொண்டு வருகிறவர்கள், தாலிக்குப் பட்ட கடனையும் ஒருநாள் நம்மிடமே கொண்டு வருவார்கள். ஆகவே தெரிந்தவற்றைச் சொன்னோம்.

கலப்பே இல்லாத 24 காரட் பொன் மிக மென்மையானது. அதில் அன்றாடம் அணியும் சங்கிலி செய்தால் வளையும், தேயும், அறும். செம்பும் வெள்ளியும் சேர்ந்தால்தான் பொன்னுக்கு உறுதி வருகிறது. செம்பு மிகுந்தால் சிவக்கும். வெள்ளி மிகுந்தால் வெளிறும். 22 காரட்டில் ஆயிரத்துக்கு 916 பங்கு பொன். 916 என்பது அதுவே. 18 காரட்டில் 750 பங்கு. அது கடினமாதலால் கல்லை இறுகப் பிடித்துக்கொள்ளும். 14 காரட்டில் 585 பங்கு. 2025 ஜூலை முதல் 9 காரட் நகைக்கும், அதாவது 375 பங்குப் பொன்னுக்கும், தர முத்திரை உண்டு.

கே.டி.எம். என்பது பலரும் நினைப்பது போல ஒரு தரம் அன்று. அது பற்றவைக்கும் முறை. பழைய முறையில் பொன், வெள்ளி, செம்பு கலந்த பொடியை வைத்து ஊதிப் பற்றவைப்பார்கள். அதனால் பற்றிய இடங்களில் தரம் குறையும்; உருக்கும்போது மொத்தத் தரமும் இறங்கும். காட்மியம் என்னும் உலோகத்தைச் சேர்த்தால் பற்றவைப்பிலும் பொன்னின் பங்கைக் குறைக்க வேண்டியதில்லை என்று கண்டு அம்முறையைக் கைக்கொண்டார்கள். ஆனால் உலைச் சூட்டில் காட்மியம் ஆவியாகும். அந்தப் புகை ஊதுகின்றவரின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நம் நகையின் தரம் உயர, ஆசாரியின் மூச்சு குறைந்தது. இப்போது துத்தநாகம் போன்ற வேறு உலோகங்கள் அவ்விடத்திற்கு வந்துள்ளன. ஆகவே கே.டி.எம். என்ற சொல்லைப் பெருமையாகக் கருத வேண்டாம் என்றோம்.

நம்பத்தக்கது முத்திரையே. இந்தியத் தரநிர்ணய அமைவனம் 2000 ஆம் ஆண்டில் பொன் நகைகளுக்குத் தர முத்திரையைத் தொடங்கியது. 2021 ஜூன் முதல் அதைப் படிப்படியாகக் கட்டாயமாக்கினார்கள். அமைவனத்தின் சின்னம், காரட் அளவு, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு ஆகிய மூன்றும் நகையில் இருக்க வேண்டும். அக்குறியீட்டைக் கைப்பேசியிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். ஆனால் 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு இம்முத்திரை கட்டாயமில்லை. சிறிய தாலி வாங்குவோர் இதை மறத்தலாகாது. கல் பதித்த நகையில் கல்லின் எடை எவ்வளவு, பொன்னின் எடை எவ்வளவு என்று இரசீதில் பிரித்து எழுதி வாங்க வேண்டும். செய்கூலியும் சேதாரமும் நகையை விற்கும்போது திரும்பி வாரா. வங்கியில் அடகு வைத்தால் நகையின் காரட் அளவுக்கு ஏற்பவே மதிப்பிடுவார்கள். 22 காரட்டுக்குச் சமமாகக் கணக்கிட்டால் மூதாட்டியாரின் 24 கிராம் சங்கிலி ஏறத்தாழ 15 கிராமாகும். அவசரத்துக்கு அடகு வைக்கும் குடும்பத்திற்கு வேலைப்பாடு குறைந்த 22 காரட் நகை ஏற்றது. அணிவதற்கு மட்டும் என்றால் 18 காரட் தாழ்ந்ததன்று. கடன் வாங்கித்தான் பொன் வாங்க வேண்டும் என்றால் எந்தக் காரட்டும் வேண்டாம். பொன் வைக்கும் இடத்தில் பூ வைக்கும் வழக்கம் நம் முன்னோர் நமக்குக் கொடுத்ததே.

அதுவரை பேசாதிருந்த மணப்பெண் அப்போதுதான் வாய் திறந்தாள். "அப்பத்தா சங்கிலிய அழிக்க வேண்டாம் சாமி. அத அப்படியே போட்டுக்கிறேன். பதினாலுன்னே மாப்பிள்ளை வீட்டுல சொல்லிருவோம். தாலிய மட்டும் 22 காரட்டுல முத்திரையோட வாங்கிக்கலாம்" என்றாள். தந்தை மறுமொழி கூறவில்லை. மூதாட்டியாரின் கண்கள் நிறைந்தன. தம் தந்தை அறுபது ஆண்டுகளுக்கு முன்பு சொல்ல அஞ்சிய ஒன்றைத் தம் பேத்தி அஞ்சாமல் சொன்னதைக் கேட்ட கண்ணீர் அது என்றே நமக்குத் தோன்றியது. மறுவாரம் மாப்பிள்ளை வீட்டாரிடம் உள்ளபடியே சொன்னார்கள். அங்கே சிறிது முகச்சுளிப்பு இருந்தது. மணமகன் மட்டும், "சங்கிலிய நானா போட்டுக்கப் போறேன்?" என்று சொல்லிச் சிரித்தானாம். திருமணம் குறித்த நாளில் நடந்தது.

ஒவ்வொரு நாள் திருப்பலியிலும் நாம் கையிலேந்தும் திருக்கிண்ணம் முழுவதும் பொன்னால் ஆனதன்று. மதிப்புக் குறைந்த உலோகத்தால் செய்த கிண்ணமாயின், அதன் உட்புறத்திலேனும் பொன்முலாம் பூச வேண்டும் என்பது திருச்சபையின் ஒழுங்கு. கடைவீதியில் விற்கும் கவரிங் நகையில் பொன் வெளியே; பித்தளை உள்ளே. கிண்ணத்திலோ வெளியே எதுவாயினும் உள்ளே பொன். அத்திருமணத்தன்று கிண்ணத்தை உயர்த்தியபோது மணமகளின் கழுத்தில் அந்தச் சிவந்த சங்கிலி தெரிந்தது. கோயிலின் பின்வரிசையில் ஆசாரியின் மகன் புதுவேட்டி உடுத்தி அமர்ந்திருந்தார்.

கலப்பு இல்லாத மனிதர் எவரும் இலர். நம்மிலும் செம்பு உண்டு, வெள்ளி உண்டு. அது இழிவன்று. பதினான்கை இருபத்திரண்டு என்று சொல்வதே இழிவு. பதினான்கு என்று சொல்லிக் கொடுத்தவரைத் திருடர் என்பது அதனினும் இழிவு. நகை வாங்கப் புறப்படுவோர் முத்திரையைப் பார்த்து வாங்குவார்களாக. மனிதரை எடைபோடப் புறப்படுவோர், அதற்கு முன் அவர் வாழ்ந்த ஆண்டையும் கேட்டுத் தெரிந்துகொள்வார்களாக.